டீசல் பிக்கப்பில் கியர்பாக்ஸ் கூலர் லைன் கசிவை நிறுத்திய விதம்

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் கூலர் லைன் இப்போது காய்ந்து கிடக்கிறது. சுமை இழுத்து, மேடு ஏறி, இரவு முழுக்கக் குளிரில் நிறுத்தி, காலையில் ஸ்டார்ட் செய்தும் பார்த்தாயிற்று. அடியில் விரித்த அட்டையில் கியர்பாக்ஸ் ஆயிலின் சிவப்பு ஒரு பொட்டுகூட இல்லை. முதலில் செய்த சுலபமான வழி நிலைக்கவில்லை, இரண்டாவதுதான் நிலைத்தது. இரண்டையும் வரிசையாக எழுதுகிறேன்.

வண்டியின் அமைப்பைச் சொல்லிவிட்டால் மற்றது புரியும். கியர்பாக்ஸின் பக்கவாட்டிலிருந்து இரண்டு லைன்கள் கிளம்பி, எஞ்சின் ஓரமாக ஸ்டார்ட்டர் மோட்டாரைத் தாண்டி முன்னே போகின்றன. ஒன்று சூடான ஆயிலைக் கொண்டுபோகிறது. அது ரேடியேட்டரின் பக்கத் தொட்டிக்குள் இருக்கும் கூலரில் நுழைந்து, பிறகு எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கும் காற்றுக் கூலருக்குப் போய் ஆறுகிறது. மற்ற லைன் ஆறிய ஆயிலைத் திருப்பிக் கொண்டுவருகிறது. இரண்டும் பெரும்பாலும் அரை அங்குல ஸ்டீல் பைப், அதாவது வெளிவிட்டம் 12.7 மி.மீ. நடுவில் மட்டும் ஒரு முழத்துக்குக் குறைவான ரப்பர் ஹோஸ். எஞ்சின் மவுண்டிங் மேல் ஆடும், ரேடியேட்டர் ஆடாது. அந்த ஆட்டத்தை வாங்கிக்கொள்ளத்தான் அந்த ரப்பர். ரப்பரும் பைப்பும் சேரும் இடத்தில் ஒரு உலோக வளையத்தை நசுக்கிப் பிடிக்க வைத்திருக்கிறார்கள். கிரிம்ப் என்பது அதுதான். கசிவு அங்கேதான் இருந்தது என்று தெரிவதற்கே கொஞ்சம் வேலை ஆனது.

கசிவு எங்கே?

கண்ணில் முதலில் பட்டது கியர்பாக்ஸின் அடியில் ஆயில் தேங்கும் தட்டான பேனின் பின் விளிம்பில் தொங்கிய சிவப்புத் துளி. பேன் போல்ட்டுகள் நனைந்திருந்தன, அதற்குப் பின்னால் உள்ள குறுக்குச் சட்டமும் நனைந்திருந்தது. பார்த்தவுடன் பேன் கேஸ்கெட் என்றுதான் தோன்றும். ஆனால் ஓடும் வண்டிக்கு அடியில் வீசும் காற்று எந்தக் கசிவையும் பின்பக்கமாக இழுத்துப் பூசிவிடும். அதனால் துளி எங்கே விழுகிறது என்று பார்ப்பதில் பயன் குறைவு. நனைந்த இடங்களில் எது ஆக முன்னால் இருக்கிறது, எது ஆக மேலே இருக்கிறது என்று தேட வேண்டும்.

ஆயில் எது என்பதையும் உறுதி செய்துகொண்டேன். வெள்ளைத் துணியில் ஒற்றிப் பார்த்தால் டீசல் எஞ்சின் ஆயில் கறுப்பாக இருக்கும். கூலன்ட் தண்ணீர் போல ஓடும், இனிப்பான வாடை அடிக்கும். ஏடிஎஃப், அதாவது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில், சிவப்பு; பழசானால் பழுப்பை நோக்கிப் போகும். சில வண்டிகளில் பவர் ஸ்டீயரிங்குக்கும் ஏடிஎஃப்தான் ஊற்றுகிறார்கள், ஆகவே சிவப்பைப் பார்த்த உடனே கியர்பாக்ஸ் என்று முடிவு கட்டக் கூடாது. நான் ஸ்டீயரிங் டேங்க்கின் அளவைக் குறித்து வைத்தேன். அது இறங்கவில்லை. கியர்பாக்ஸ் டிப்ஸ்டிக்கில்தான் இறங்கிக்கொண்டிருந்தது.

ரேடியேட்டர் மூடியையும் திறந்து பார்த்தேன், எஞ்சின் ஆறிய பிறகு. கூலன்ட்டில் எண்ணெய்ப் படலமோ, டிப்ஸ்டிக்கில் இளஞ்சிவப்பு நுரையோ தெரிந்திருந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலரே ஓட்டையாகியிருக்கும். அப்படியானால் லைனைத் தொடுவதில் அர்த்தமில்லை. ரேடியேட்டரை மாற்றி, கூலன்ட் கலந்த கியர்பாக்ஸின் கதையையும் பார்க்க வேண்டியிருக்கும். நல்லவேளை, இரண்டும் சுத்தம்.

அப்புறம் அடிப்பகுதி முழுவதையும் டீகிரீஸர் போட்டுக் கழுவிக் காயவிட்டேன். எண்ணெய்க்கான யூவி சாயத்தைப் பாட்டிலில் சொன்ன அளவுக்கு டிப்ஸ்டிக் குழாய் வழியாக ஊற்றி, வண்டியைச் சூடாகும் வரை ஓட்டி, இருட்டில் யூவி டார்ச் அடித்துப் பார்த்தேன். பேன் ஓரம் சுத்தமாக இருந்தது. சூடான லைனின் கிரிம்புக்குக் கீழே மட்டும் மங்கலாகப் பச்சை மஞ்சள் ஒளிர்ந்தது. கசிவு என்று சொல்லும் அளவுக்கு இல்லை. அதே இடத்தை மறுநாள் காலை குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்த உடனே பார்த்தபோது, வளையத்தின் விளிம்பிலிருந்து துளி உருண்டு பைப் வழியே பின்னால் ஓடியது. எஞ்சின் சூடானதும் அது தானாகவே நின்றுவிட்டது.

இதற்குக் காரணம் ரப்பர்தான். பல வருஷம் சூட்டில் வெந்த ரப்பர் இறுகி, தன் மீள்தன்மையை இழந்துவிடுகிறது. குளிரில் அது சுருங்கும்போது வளையத்துக்கும் பைப்புக்கும் நடுவே முடி அளவு இடைவெளி திறக்கிறது. அதே நேரம் குளிர்ந்த ஆயில் கெட்டியாக இருப்பதால் லைனில் அழுத்தமும் கூடுகிறது. சூடேறினால் ரப்பர் விரிந்து அடைத்துக்கொள்கிறது. ஆகவே சூடான வண்டியை மட்டும் பார்த்துவிட்டு லைன் நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. காலையில், ஸ்டார்ட் செய்த முதல் இரண்டு நிமிடத்தில் பார்க்க வேண்டும்.

சொட்டுச் சொட்டாகத்தானே போகிறது, அவ்வப்போது ஊற்றிக்கொள்ளலாம் என்று விடவும் மனமில்லை. அந்த லைனுக்கு அருகில்தான் டர்போவிலிருந்து இறங்கும் எக்ஸாஸ்ட் பைப் போகிறது. எக்ஸாஸ்டில் கரியைப் பிடிக்கும் ஃபில்டர் (டிபிஎஃப்) தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்யும் நேரத்தில் ஃபில்டருக்குள் வாயு 600 டிகிரி செல்சியஸை நெருங்கும். அந்தப் பக்கம் எண்ணெய் தெறிக்க விடக் கூடாது. அதோடு, கிரிம்ப் ஒருநாள் மொத்தமாகக் கழன்றால் பம்ப் கொஞ்ச நேரத்திலேயே ஆயிலை ரோட்டில் கொட்டிவிடும். கியர்பாக்ஸ் காய்ந்து ஓடும்.

முதல் முறை: ஹோஸும் கிளாம்ப்பும்

பலரும் செய்யும் வழியைத்தான் நானும் முதலில் எடுத்தேன். பழைய கிரிம்பை அறுத்தெடுத்து, ஏடிஎஃப் கூலருக்கென்றே வரும் எஸ்ஏஇ ஜே1532 தர ஹோஸைப் பைப்பின் மேல் ஏற்றி, இரண்டு பக்கமும் திருகு கிளாம்ப் போட்டேன். ஹோஸ் தேர்வு சரிதான். சாதாரண எரிபொருள் ஹோஸோ ஹீட்டர் ஹோஸோ இந்தச் சூட்டுக்கும் இந்த ஆயிலுக்கும் தாங்காது. ஜே1532 என்று ஹோஸின் மேலேயே அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

நின்ற இடத்தில் ஓடவிட்டபோது ஒரு துளியும் இல்லை. சூடு ஏறி இறங்க, ஏறி இறங்க, மெல்ல ஈரம் தெரிய ஆரம்பித்தது. கிளாம்ப்பைத் திருகிப் பார்த்தால் கொஞ்சம் தளர்ந்திருந்தது. அழுத்தத்தில் இருக்கும் ரப்பர் காலப்போக்கில் நகர்ந்து மெலிந்துவிடுகிறது, திருகு கிளாம்ப் அதோடு சேர்ந்து சுருங்குவதில்லை. மறுபடி இறுக்கினால் சில நாள் தாங்கும், பிறகு மறுபடி ஈரம். இதைவிடப் பயமான விஷயம், அறுத்த பைப்பின் முனை வழவழவென்று நேராக இருந்தது. ஹோஸ் ஏற்றும் பைப் முனையில் ஒரு மேடு இருந்தால்தான் ஹோஸ் நழுவாது. கூலர் லைனில் அழுத்தம் பெரிதல்ல, சாதாரணமாக 100 பி.எஸ்.ஐ.க்குள்தான். ஆனால் வழவழப்பான பைப்பின் மேல் எண்ணெயில் நனைந்த ஹோஸை வெறும் கிளாம்ப்பை நம்பி, எஞ்சின் ஆட்டத்தோடு, சுமை வண்டியில் வைத்திருக்க எனக்குத் துணிவில்லை.

இந்த வழியால் ஒரு விஷயம் தெளிவாகியது. ஹோஸின் உடம்பு எங்கும் கசியவில்லை. பழசும் முனையில் கசிந்தது, புதுசும் முனையில்தான் கசிந்தது. ரப்பரை நசுக்கிச் சீல் செய்யும் இணைப்பு, வண்டியிலேயே கையால் செய்யக்கூடியதாக இருக்கக் கூடாது. பைப்பில் உலோகமும் உலோகமும் சேரும் இணைப்புதான் வேண்டும், அதுவும் ஸ்பேனர் எட்டும் இடத்தில்.

இரண்டாவது முறை

திட்டம் இப்படி. நல்ல நிலையில் இருக்கும் ஸ்டீல் பைப்புகளை அப்படியே வைத்துக்கொள்வது. அவற்றின் அறுத்த முனைகளை 37 டிகிரியில் கூம்பாக விரித்து (ஃபிளேர் என்பது இதுதான்), ஜேஐசி என்ற ஹைட்ராலிக் வகை நட்டும் பைப்பைச் சுற்றி நிற்கும் ஸ்லீவும் போடுவது. நடுவில் வரும் ஹோஸை ஹைட்ராலிக் மெஷினில் கிரிம்ப் செய்த ஸ்டீல் முனைகளோடு தயாராக வாங்கிப் பூட்டுவது. கிரிம்ப் இங்கேயும் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் அது கடைசல் பிடித்த, பற்கள் உள்ள தடிமனான ஸ்டீல் முனையின் மேல், ஹோஸுக்கு உரிய டை (அச்சு) போட்டு, உரிய விட்டத்துக்கு நசுக்கிய கிரிம்ப். இந்த லைனில் வரும் அழுத்தத்தைப் போல் பல மடங்குக்கு அதை வடிவமைத்திருக்கிறார்கள். நாளைக்குக் கெட்டாலும் இரண்டு நட்டைக் கழற்றி ஹோஸை மட்டும் மாற்றலாம்.

ஹோஸ் எது என்பதில்தான் அதிகம் யோசித்தேன். ஹைட்ராலிக் ஹோஸ் என்று கேட்டால் பொதுவாகக் கையில் தருவது எஸ்ஏஇ 100ஆர்1, ஒரு கம்பி வலை கொண்டது. அழுத்தத்துக்கு அது ஏராளம். ஆனால் அதன் வெப்ப வரம்பு 100 டிகிரி செல்சியஸ். கியர்பாக்ஸ் ஆயில் சாதாரண ஓட்டத்தில் 80 முதல் 95 டிகிரிக்குள் இருக்கும். சுமையோடு மேடு ஏறும்போது எஞ்சின் விசையை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரிலிருந்து நேராக வெளியே வரும் லைனில் 100ஐத் தாண்டும். கசிந்ததும் அந்த லைன்தான். இன்னொரு தொல்லை, அரை அங்குல 100ஆர்1 ஹோஸை 178 மி.மீ. ஆரத்துக்குக் கீழே வளைக்கக் கூடாது. ரேடியேட்டர் பக்கத்தில் அந்த வளைவுக்கு இடமே இல்லை.

அதனால் உள்ளே பிடிஎஃப்இ (டெஃப்லான்) குழாயும் வெளியே ஸ்டெயின்லெஸ் வலையும் உள்ள 100ஆர்14 ஹோஸுக்குப் போனேன். அதன் வெப்ப வரம்பு 200 டிகிரிக்கும் மேல். அரை அங்குலப் பைப்புக்குப் பொருந்தும் எட்டாம் எண் ஹோஸின் உள்விட்டம் 10.3 மி.மீ. என் பைப்பின் சுவர் 0.9 மி.மீ., ஆகவே பைப்பின் உள்விட்டம் 10.9. ஏறக்குறைய சமம்தான், ஓட்டம் குறையாது. இதைச் சரிபார்க்காமல் கையில் கிடைத்த 3/8 அங்குல ஹோஸைப் போட்டுக் கசிவை நிறுத்திவிட்டு, பிறகு கியர்பாக்ஸைச் சூட்டில் வேகவிடுகிறவர்கள் உண்டு. கூலர் லைனின் வேலை ஆயிலை ஓடவிடுவதுதான். உள்விட்டத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

பைப்பைக் கழற்றுவது

பேட்டரி நெகட்டிவை முதலில் கழற்றினேன். லைனைப் பிடித்திருக்கும் ஒரு கிளிப் ஸ்டார்ட்டர் மோட்டாரின் தடித்த கேபிளுக்குப் பக்கத்தில் இருக்கிறது, அங்கே ஸ்பேனர் பட்டால் தீப்பொறிதான். பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்பக்கத்தைத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தினேன். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுப்பதில்லை.

கூலரில் ஏறும் நட்டுகளுக்குச் சாதாரண ஸ்பேனர் போடக் கூடாது. ஆறு முகத்தில் ஐந்தைப் பிடிக்கும் பைப் நட்டு ஸ்பேனர் வேண்டும், இல்லாவிட்டால் முனை உருண்டுவிடும். முந்தின நாளே துரு எண்ணெய் அடித்து ஊறவிட்டது நல்லதாயிற்று. அதைவிட முக்கியம் இரண்டாவது ஸ்பேனர். கூலரின் பக்கத்தில் இருக்கும் அறுகோணத்தை அசையாமல் பிடித்துக்கொண்டுதான் நட்டைத் திருப்ப வேண்டும். அலுமினியக் கூலரின் கழுத்து லேசாக முறுகினாலும் விரிசல் விட்டுவிடும். அப்புறம் லைன் வேலை கூலர் வேலையாக மாறும்.

ரேடியேட்டர் முனையில் தள்ளிப் பூட்டும் வகை இணைப்பு. பிளாஸ்டிக் மூடியைப் பின்னே நகர்த்தி, கம்பிக் கிளிப்பின் ஒரு முனையைச் சின்னக் கொக்கியால் தூக்கினால் லைன் வெளியே வந்துவிடும். கிளிப்பும் உள்ளே இருந்த ஓ-ரிங்கும் மறுபடி பயன்படுத்தத் தகுந்தவை அல்ல. ஓ-ரிங் வட்டமாக இல்லை, ஒரு பக்கம் தட்டையாகிப் போயிருந்தது. அடுத்து கசியவிருந்தது அதுதான். இரண்டையும் புதிதாகப் போட்டேன்.

வழிந்த ஆயிலை ஒரு தட்டில் பிடித்து அளந்தேன், ஒன்றரை லிட்டருக்குச் சற்றுக் குறைவு. அளந்து வைத்ததால் பிறகு எவ்வளவு ஊற்றுவது என்று யூகிக்க வேண்டியிருக்கவில்லை. திறந்த வாய்கள் எல்லாவற்றையும் உடனே மூடினேன். கியர் மாற்றத்தை ஆயில் அழுத்தத்தால் நடத்தும் வால்வு பாடிக்குள் ஒரு மணல் போனால்கூட கியர் மாறுவதில் கோளாறு வரும்.

ஃபிளேர்

இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

பைப் முனையைக் கத்திரிப்பூ போல விரிப்பதற்கு இரண்டு கோணங்கள் புழக்கத்தில் உண்டு. பிரேக் லைன், ஏசி வேலைகளுக்கு 45 டிகிரி. ஜேஐசி ஹைட்ராலிக் ஃபிட்டிங்குக்கு 37 டிகிரி. பெட்டியில் இருக்கும் ஃபிளேர் டூல் பெரும்பாலும் 45 டிகிரியாகத்தான் இருக்கும், என்னுடையதும் அப்படியே. அரை அங்குல அளவில் இரண்டு வகைக்கும் மரை ஒன்றுதான்: 3/4 அங்குலம், அங்குலத்துக்கு 16 மரை. நட்டு அழகாக ஏறும், இறுகும், ஸ்பேனரில் ஒரு வித்தியாசமும் தெரியாது. உள்ளே கூம்பும் ஃபிளேரும் வேறு வேறு கோணத்தில் நின்று, மெல்லிய வளையக் கோட்டில் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும். கொஞ்ச நாளில் அதிர்வில் கசிய ஆரம்பிக்கும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. ஃபிட்டிங்கின் கூம்பில் மார்க்கர் பேனா மையை முழுக்கப் பூசி, காயவிட்டு, ஃபிளேரை வைத்துக் கையால் அழுத்தி லேசாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். வெட்டிப் போட்ட துண்டுப் பைப்பில் 45 டிகிரி டூலால் விரித்துப் பார்த்தபோது மை ஓரத்தில் நூல் அளவுக்கு மட்டும் அழிந்திருந்தது. 37 டிகிரி டூலை இரவல் வாங்கி விரித்த துண்டில் கூம்பு முழுக்கப் பட்டையாக அழிந்தது. இனி எந்த ஃபிட்டிங்கையும் இந்த மை சோதனை செய்யாமல் பூட்டப் போவதில்லை.

செய்த வரிசை இது. பைப்பைச் சுழற்றி வெட்டும் கட்டரால் வெட்டினேன். ரம்பம் போட்டால் இரும்புத் தூள் உள்ளே போகும், முனையும் கோணலாகும். கட்டர் உள்பக்கமாக மடித்துவிடும் ஓரத்தை ரீமரால் சீவி எடுத்தேன். நட்டையும் ஸ்லீவையும் முதலில் பைப்பில் ஏற்றினேன், முனை விரிந்த பிறகு அவை ஏறாது. டூலின் கூம்பில் ஒரு சொட்டு ஆயில் விட்டு, மெதுவாகத் திருகினேன். விரிந்த முனையின் வெளி ஓரம் ஸ்லீவின் வாய்ப் பரப்பை முழுக்க மூட வேண்டும், ஆனால் ஸ்லீவின் வெளிவட்டத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் நட்டின் மரையில் உரசும். குறைந்தால் பிடிப்பு போதாது. முனையை உருப்பெருக்கியால் சுற்றிலும் பார்த்தேன். பைப்பின் நீளவாட்டு வெல்டு ஓடும் இடத்தில்தான் விரிசல் வர வாய்ப்பு அதிகம். ஒரு முனையில் அப்படி ஒரு மயிரிழைக் கோடு தெரிந்தது. வெட்டி எறிந்துவிட்டு மறுபடி விரித்தேன். அதற்காகவே வெட்டும்போது கைவசம் கொஞ்சம் கூடுதல் நீளம் விட்டிருந்தேன்.

ஃபிளேர் இணைப்பில் டெஃப்லான் டேப் சுற்றக் கூடாது. இங்கே சீல் செய்வது கூம்புதான், மரை வெறும் இறுக்கத்துக்கு. டேப்பின் பிசிறு உள்ளே போனால் ஆயிலோடு சுற்றி எங்கேயாவது அடைக்கும்.

கடைசியாகப் பைப்பின் உள்ளே கயிற்றில் கட்டிய பஞ்சுத் துணியை இழுத்து, பிரேக் கிளீனர் அடித்து, காற்று ஊதி, துணி வெள்ளையாக வரும்வரை சுத்தம் செய்தேன்.

ஹோஸின் நீளம்

பைப்புகளை வண்டியில் தற்காலிகமாகப் பூட்டி, அவற்றுக்கு நடுவே தடித்த கட்டுக்கம்பியை ஹோஸ் போக வேண்டிய பாதையில் வளைத்துப் பார்த்தேன். எக்ஸாஸ்டிலிருந்து தள்ளி, ஃபேன் கூண்டைத் தொடாமல், ஸ்டீயரிங் திரும்பினாலும் உரசாமல். பழைய லைனைக் கழற்றும் முன்பே, ஒருவரை பிரேக்கை அழுத்தி மிதித்துக்கொண்டு கியரில் போடச் சொல்லி, எஞ்சின் எவ்வளவு சாய்கிறது என்று பக்கத்தில் நின்று பார்த்துக் குறித்து வைத்திருந்தேன்.  டீசல் எஞ்சினின் முறுக்கு விசைக்கு அது நினைத்ததைவிட அதிகம் சாய்ந்தது. அந்தச் சாய்வுக்கு இடம் கொடுத்து நீளத்தைக் கூட்டினேன். ஹோஸ் அழுத்தத்தில் கொஞ்சம் சுருங்கவும் செய்யும், ஆகவே விறைப்பாக நிற்கும் நீளம் எப்போதும் தவறு.

ஹோஸின் இரண்டு முனையும் வளைந்த முனைகளாக இருந்தால், ஒன்றுக்கொன்று எத்தனை டிகிரி திரும்பி நிற்க வேண்டும் என்று கிரிம்ப் செய்பவரிடம் துல்லியமாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஹோஸ் முறுகிக்கொண்டு பூட்டும். அந்தத் தலைவலியே வேண்டாம் என்று ஒரு முனை நேர், மறுமுனை மட்டும் 45 டிகிரி வளைவு, இரண்டும் சுழலும் நட்டு என்று வாங்கினேன்.

வண்டியில் பூட்டும் முன் மேஜையில் ஒரு சோதனை. பைப்பும் ஹோஸும் சேர்த்துப் பூட்டி, ஒரு முனையை மூடி, மறுமுனையில் 60 பி.எஸ்.ஐ. காற்று ஏற்றி, தண்ணீர் வாளிக்குள் முக்கி வைத்தேன். ஆரம்பத்தில் ஹோஸின் வலைக்குள் சிக்கிய காற்று குமிழியாக வரும், அதைக் கசிவு என்று எண்ணிப் பதற வேண்டாம். அது அடங்கிய பிறகு ஒரு குமிழியும் இல்லை. காற்றில் சோதிக்கும்போது அழுத்தத்தை இதற்கு மேல் ஏற்றவில்லை. அழுத்தமான காற்று ஏதாவது கழன்றால் வெடிப்பது போல விடும்.

பூட்டியது

எல்லா நட்டுகளையும் முதலில் கையால் ஏற்றி, பைப் எங்கேயும் வலுக்கட்டாயமாக இழுபடவில்லை என்று பார்த்த பிறகுதான் இறுக்கினேன். ஜேஐசி நட்டைக் கை இறுக்கத்துக்குப் பிறகு அறுகோணத்தில் ஒன்றரை முகம், அதாவது கால் சுற்று, திருப்பினேன். நட்டுக்கும் ஃபிட்டிங்குக்கும் குறுக்கே பெயிண்ட் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவைத்தேன். பிற்பாடு கோடு விலகியிருந்தால் நட்டு தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். கசிகிறதே என்று கண்ணை மூடிக்கொண்டு மேலும் மேலும் இறுக்குவதை இந்தக் கோடு தடுக்கும்.

ரேடியேட்டர் முனையில் புது ஓ-ரிங்குக்கு ஏடிஎஃப் தடவி, கிளிக் சத்தம் கேட்கும்வரை தள்ளி, பிறகு பலமாக இழுத்துப் பார்த்தேன். சத்தத்தை மட்டும் நம்பக் கூடாது, இழுத்துப் பார்த்தே ஆக வேண்டும்.

ஸ்டெயின்லெஸ் வலை தொட்டதை எல்லாம் அறுக்கும் அரம். பக்கத்தில் போகும் ஏசி பைப், ஒயரிங், சட்டத்தின் விளிம்பு எதுவும் தப்பாது. ஹோஸ் முழுக்க நைலான் உறை போட்டேன், எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் வெப்பம் தடுக்கும் உறை. ரப்பர் பூசிய பி வடிவக் கிளாம்ப்பால் பைப்பை எஞ்சினோடு பிடித்தேன். ஆடும் ஹோஸை எங்கேயும் கட்டவில்லை.

ஆயில் ஊற்றும்போது வழிந்த அளவையே ஊற்றினேன், வண்டியின் கையேடு சொன்ன அதே வகை. ஏடிஎஃப்பில் சிவப்பாக இருப்பதெல்லாம் ஒன்றல்ல. ஸ்டார்ட் செய்து, பிரேக்கை மிதித்தபடி எல்லா கியர்களிலும் ஒவ்வொன்றாகப் போட்டு எடுத்து, அடியில் பார்த்தேன். அளவைச் சூடான பிறகு, எஞ்சின் ஓடும்போதே பார்க்க வேண்டும். சில வண்டிகளில் பார்க்கில், சிலவற்றில் நியூட்ரலில், அதையும் கையேடுதான் சொல்லும். அதிகமாக ஊற்றுவது குறைவாக ஊற்றுவதைப் போலவே கெடுதல், ஆயில் நுரைத்துப் போகும்.

ஓட்டத்தையும் ஒரு முறை அளந்தேன். திரும்பும் லைனை ஒரு வாளிக்குள் விட்டு, ஐடிலில் 20 நொடி. ஒரு லிட்டரை ஒட்டி வந்தது. பட்டறைகளில் பொதுவாக எதிர்பார்க்கும் அளவு இதுதான். 20 நொடிக்கு மேல் ஓடவிடக் கூடாது, வந்த ஆயிலைத் திருப்பி ஈடு செய்துவிட வேண்டும். பிறகு வண்டியின் கணினியோடு இணைக்கும் ஓபிடி மீட்டரில் ஆயில் சூட்டைப் பார்த்துக்கொண்டு சுமையோடு ஓட்டினேன். பழைய நிலையைவிடச் சூடு ஏறவில்லை. குளிர்ந்த காலை ஸ்டார்ட்தான் உண்மையான பரீட்சை, அதிலும் எல்லா இணைப்பும் காய்ந்திருந்தன.

செலவு, அடுத்த முறை

காசில் பெரும்பங்கு ஹோஸுக்கும் அதன் முனைகளுக்கும் போனது. அதற்கடுத்து ஆயில். நட்டு, ஸ்லீவ், ஓ-ரிங், கிளிப் எல்லாம் சில்லறைதான். கம்பெனி லைனை முழுசாக வாங்கியிருந்தால் இதைவிடக் கூடியிருக்கும், அதிலும் அதே வகைக் கிரிம்ப்தான் இருந்திருக்கும். ஆனால் 37 டிகிரி டூலையும் காசு கொடுத்து வாங்கியிருந்தால் கணக்கு ஏறக்குறைய சமமாகிவிடும். ஒரே ஒரு லைனுக்காக இதைச் செய்பவர் டூலை இரவல் வாங்குவது, அல்லது பைப்பைக் கழற்றிக்கொண்டு போய் ஃபிளேர் மட்டும் செய்து வாங்குவது நல்லது. ஃபிளேர் செய்ய வசதியே இல்லாத இடத்தில் புது லைன் வாங்கிப் போடுவதில் ஒரு குறையும் இல்லை. அதுவும் பல வருஷம் ஓடும்.

திரும்பும் லைனில் பழைய கிரிம்ப் இன்னும் இருக்கிறது. அதில் ஆறிய ஆயில் போவதால் ரப்பர் அவ்வளவு வேகவில்லை, இப்போதைக்குக் காய்ந்திருக்கிறது. ஆனால் கூலரும் லைனும் கழன்று கிடந்தபோதே அதையும் சேர்த்துச் செய்திருக்க வேண்டியது; ஆயில் ஒரு தடவை வழிந்தால் போதும், ஸ்டார்ட்டர் பக்கத்துக் கிளிப்பை ஒரு தடவை கழற்றினால் போதும். அடுத்த ஆயில் மாற்றத்தின்போது அதைச் செய்வதற்கு ஹோஸ் நீளத்தைக் கம்பியில் வளைத்து எடுத்து, சீட்டு கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். அப்போது எஞ்சின் பக்கத்து ஃபிளேர் இணைப்பையும் ஒரு சாண் முன்னுக்கு நகர்த்துவேன். இப்போது இருக்கும் இடத்தில் ஒரு ஸ்பேனர் சுலபமாகப் போகிறது, பிடித்துக்கொள்ள வேண்டிய இரண்டாவது ஸ்பேனருக்குத்தான் கை நுழையவில்லை.